தொண்டர் தீயணைப்புப் படையும் அதன் பொருள்வழியும்: செஞ்சியை முன்னிட்டுச் சில எண்ணங்கள்

ஐம்பெரும் பூதங்களுள் மக்களுக்கு நாள்தோறும் ஏவல் செய்வதும், கணப்பொழுதில் அவர்தம் உடைமை அனைத்தையும் கொள்ளை கொள்வதும் தீயே. வெள்ளம் வருமுன் வானம் இருண்டு குறி காட்டும். புயல் வருமுன் கடல் குமுறும். தீயோ அடுப்பிலும் அகலிலும் அடங்கிக் கிடந்து, யாதோர் அறிவிப்பும் இன்றிக் கூரைக்குத் தாவும். ஆயினும் நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது தீயின் இயல்பன்று. தீயை எதிர்த்து நிற்கும் ஊரார் படை, அப்படைக்கு வேண்டும் கட்டடம், கருவி, அவற்றிற்கு வேண்டும் பணம் என்னும் இவற்றையே எடுத்துக்கொண்டோம். பணத்தைப் பற்றிய பேச்சு ஒரு கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏற்குமோ என ஐயுறும் அன்பர் சிலர் இருக்கலாம். நற்செயல்கள் பல நல்லெண்ணம் இன்மையாற் கெட்டன அல்ல. கணக்கு இன்மையாற் கெட்டன. ஆதலின் அப்பேச்சுக்கு நாணவேண்டுவதில்லை.

செஞ்சி என்றவுடன் கோட்டையும் தேசிங்குராஜன் கதையுமே நம் மாணவர் நினைவிற்கு வரும். அக்கோட்டையின் அடியிலே இன்று வாழும் ஊரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. விழுப்புரம் ஜில்லாவில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் அது, தாலூகாவின் தலைநகர். சுற்றுப்புறம் முழுவதும் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் விளையும் நாடு. ஊரிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தே நெல் மூட்டைகள் மலைபோற் குவியும். வீட்டிற்கு வீடு வைக்கோற்போர். தெருவின் கோடியிலும் களத்து மேட்டிலும் மாட்டுக் கொட்டிலின் அருகிலும் வைக்கோற்போர். மலைகளோ வெறும் பாறையின்மேற் பாறை அடுக்கியவை. சித்திரை வெயிலில் அப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். அக்காலத்தே கூரையும் வைக்கோலும் எத்துணை உலர்ந்திருக்கும் என்பதை நாட்டுப்புறத்தில் பிறந்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செஞ்சியில் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையைச் சார்ந்த நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் நண்பகலில் ஒரு கூரை பற்றிக்கொள்கிறது என்போம். கண்டவர் கூவி, அயலார் கூடி, ஒருவர் தொலைபேசியை எடுத்து 101 என்றோ 112 என்றோ அழைக்கும்போது இரண்டு மூன்று நிமிடம் கழிந்திருக்கும். ஊர்திக்குள் வீரர் ஏறிப் புறப்பட ஒரு நிமிடம். நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வழிப்பயணமே 22 நிமிடத்திற்கு மேல். ஆக, எத்துணை விரைந்து வரினும் 25 நிமிடமாகும். உலர்ந்த கீற்றுக் கூரையோ கால் மணி நேரம் நின்று எரியாது. வீரர் வந்து அணைப்பது பெரும்பாலும் சாம்பலையும், அடுத்த வீட்டிற்குப் பரவாமல் எஞ்சிய நெருப்பையுமே. இது அவ்வீரர் குற்றம் அன்று; தொலைவின் குற்றம். இந்தியாவிற்கென வகுக்கப்பெற்ற நெறிமுறைகளும் நாட்டுப்புறத்திற்கு 20 நிமிடத்தைத்தான் இலக்காகக் கூறுகின்றன. அந்த முதல் 20 நிமிடத்தில் அவ்விடத்தே நிற்பவர் யார் என்பதே நம் கேள்வி.

கீற்றின் கொடுமையைத் தமிழ்நாடு மும்முறை பெருவிலை கொடுத்துக் கற்றது. 1997 ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் பந்தல் பற்றி மணமகன் உள்ளிட்ட 50-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மடிந்தனர். மூன்றிடத்தும் எரிந்தது தென்னங்கீற்றே. மூன்றும் நகரங்கள், தீயணைப்பு நிலையம் உள்ள ஊர்கள். அங்கேயே இவ்வாறு எனின், நிலையத்திற்குத் தொலைவிலுள்ள சேரிகளையும் குடியிருப்புகளையும் பற்றி என் சொல்வது! கூரை வீட்டிற்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டித்தரும் அரசினர் திட்டங்கள் 2010-இலும் 2024-இலும் தொடங்கப்பெற்றன. அவற்றால் ஆபத்துக் குறைந்து வருவது உண்மை. எனினும் மாட்டுக் கொட்டிலையும் வைக்கோற்போரையும் கான்கிரீட்டால் அமைப்பாரில்லை.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர் தீயை மறந்தவரல்லர். ஏறத்தாழ 800 அடி உயர்ந்த ராஜகிரியிலும், கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் ஏனைக் குன்றுகளிலும் சுனைகளும் குளங்களும் வெட்டிவைத்தனர். அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரகுளமும் இன்றும் உள. கல்யாண மகாலுக்கு வெளியிலுள்ள நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்களின் வழியே தண்ணீர் வந்தது என்று ஆராய்ச்சியாளர் உரைப்பர். களஞ்சியங்களைக் கனத்த சுவரும் கல் வளைவுமாய் எழுப்பினர். வெடிமருந்துச் சாலையை மக்கள் நெருங்கி வாழும் இடத்தினின்று ஒதுக்கினர். மொகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் எளிதிற் பெறமுடியாத கோட்டை அது. அங்ஙனம் நின்றதற்கு மதிலும் மலையும் காரணமாதல்போல் நீரும் ஒரு காரணமே. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது, மகாராஷ்டிரத்திற்கு வெளியே அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. வருவோர் தொகை இனிக் கூடும். உணவு விடுதிகளும் கடைகளும் எரிவாயு உருளைகளும் கூடும். கோட்டையின் பெருமையால் ஊரின் தீயச்சமும் ஒருபடி ஏறும் என்பதை நாம் இங்கே குறித்து அப்பாற் செல்கிறோம்.

நம் நாட்டில் தீயணைத்தல் அரசினர் கடமையாகவே வளர்ந்தது. சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் ஏற்பட்டது. பின்னர் அது மாகாணம் முழுவதும் பரவி, இன்று மாநிலம் முழுமைக்கும் ஒரே துறையாய் இயங்குகிறது. அதற்குரிய தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தமோ தீயணைப்பை நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உரிய காரியங்களுள் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்தது. ஆக, ஏட்டின்படி பேரூராட்சியின் கவலை. நடைமுறையிலோ மாநிலத் துறையின் கவலை. இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்னும் பழமொழி இங்கு முற்றும் பொருந்தாது. ஏனெனில் மாநிலத் துறை தன் கடமையைச் செய்துதான் வருகிறது. தீ மட்டுமன்றி, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டிற்குட் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், புயலிற் சாய்ந்த மரத்தை அறுப்பதும் அவ்வீரர் தலையிலேயே விடிகின்றன. பாம்பைப் பிடிக்கச் சென்ற ஊர்தி திரும்புமுன் வேறிடத்தில் வைக்கோற்போர் எரிந்தால் என் செய்வது? அங்கேதான் தொண்டர் வேண்டும் என்கிறோம்.

தொண்டர் படை என்பது கூலி பெறாது, தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, மணி ஒலித்தவுடன் ஓடிவரும் ஊராரைக் கொண்டது. இவ்வேற்பாடு மேனாடுகளில் எவ்வாறு பொருள் பெற்றது என்பது கற்கத்தக்க வரலாறு. பண்டை ரோமாபுரியில் கிராசஸ் என்னும் பெருஞ்செல்வன், எரியும் வீட்டையும் அதன் அயல் வீடுகளையும் அஞ்சிய உரிமையாளரிடம் அற்ப விலைக்கு வாங்கினான் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். தீயைக்கொண்டு பொருளீட்டிய வழி அது, விட்டுவிடுவோம்.

தீயை அணைக்கப் பொருளீட்டிய வழிக்குப் பெஞ்சமின் பிராங்க்ளினைப் பார்க்கவேண்டும். அவர் 1736 டிசம்பரில் பிலடெல்பியா நகரில் முப்பதின்மரைச் சேர்த்து ஒரு சங்கம் கண்டார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகள் சிலவும், பொருள்களை வாரிக் கட்டிக் காக்க வலிய பைகளும் கூடைகளும் தம் வீட்டிலேயே எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். மாதந்தோறும் ஒரு மாலை கூடி, தீயைப் பற்றித் தாம் அறிந்ததைப் பேசவேண்டும். கூட்டத்திற்கு வாராதவர் சிறு அபராதம் கட்டவேண்டும். அவ்வபராதம் சேர்ந்து சேர்ந்து நீர் இறைக்கும் எந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்க உதவிற்று. பிறர் சோம்பலையே மூலதனமாக்கிய அவர் சாமர்த்தியத்தை நாம் எத்துணை வியந்தாலும் தகும்! நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் வாராதவர் தொகையை நோக்க, இம்முறை இங்கே பெருஞ்செல்வம் கொழிக்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை; அபராதத்தைத் தண்டுவது யார் என்பதே சங்கடம்.

சிலி நாட்டின் வரலாறு துயரில் தொடங்குகிறது. 1863 டிசம்பர் 8-ஆம் நாள் சாந்தியாகோ நகரில் ஒரு தேவாலயம் விழாக்கூட்டத்தோடு எரிந்து 2,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். பன்னிரண்டு நாட்களுள் அந்நகரத்தார் தொண்டர் படையை நிறுவினர். இன்றும் அந்நாட்டில் தீயணைப்போர் அனைவரும் தொண்டரே. ஊதியம் பெறாதது மட்டுமன்று, தம் படைக்கு மாதச் சந்தாவும் தாமே கட்டுவர். அரசினர் மானியமும் பொதுமக்கள் நன்கொடையும் எஞ்சியதை ஈடு செய்யும். ஜெர்மனியில் பெருநகரங்கள் நூறளவிலேயே முழுநேரக் கூலிப்படை உண்டு. ஏனைய ஊர்களைக் காப்போர் ஏறத்தாழ 10 லட்சம் தொண்டர். அங்கே படைக்குக் கட்டடமும் கருவியும் தருதல் ஊராட்சியின் சட்டக் கடமை. தீக் காப்பீட்டுத் தவணையின்மீது ஒரு வரி விதித்து, அதனைத் தீயணைப்பிற்குப் பயன்படுத்துகின்றனர். தீயால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டு வாணிகம் செய்யும் கம்பெனிகள் தீயைக் குறைப்பதற்கும் பங்கு தரவேண்டும் என்பது அதன் நியாயம். நமக்கு அவ்வரி மிகவும் பிடித்திருக்கிறது. மலேசியத் தமிழர் தீயணைப்பு நிலையத்தைப் 'பொம்பா' என்றே வழங்குவர். அங்கும் அரசினர் பொம்பாவுடன் தொண்டர் பொம்பாவும் ஊர்தோறும் உண்டு.

ஜப்பானியர் வழி நம் கூரை நாட்டிற்கு இன்னும் அண்மையது. மரத்தாலும் காகிதத்தாலும் ஆகிய வீடுகள் நெருங்கிய எடோ நகரில், 1720-ஐ ஒட்டி, தெருவாரைக்கொண்டே நாற்பதிற்கு மேற்பட்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. அவர்கள் முதன்மையாக நம்பியது தண்ணீரை அன்று; நீண்ட கொக்கியை. காற்றின் போக்கறிந்து, எரியும் வீட்டிற்கு அடுத்த வீட்டைப் பிரித்தெறிந்து தீக்கு உணவில்லாமற் செய்தனர். நம் கிராமங்களிலும் அயற் கூரையின் கீற்றைப் பிடுங்கி எறியும் வழக்கம் உண்டன்றோ? அறிவு ஒன்றே, அவர்கள் அதனைப் படையாக்கினார்கள், நாம் கூச்சலாக்கினோம்.

தொலைநாட்டுச் செய்தி போதும். அண்டையிலுள்ள கேரளம் 2018, 2019 வெள்ளங்களுக்குப் பின் தன் தீயணைப்புத் துறையின் கீழேயே ஒரு தொண்டர் படையை அமைத்தது. நிலையம் ஒன்றிற்கு 50 பேர். 124 நிலையங்களுக்கு 6,200 பேர். தனிக்கட்டடம் கட்டவில்லை, தனி அதிகாரி இல்லை. உள்ள நிலையமே பயிற்சிச் சாலை, அங்குள்ள வீரரே ஆசிரியர். இந்திய அரசினரும் 'ஆப்த மித்ரா' என்னும் திட்டத்தை 2016-இல் தொடங்கி, 2021-இல் விரித்து, 350 ஜில்லாக்களில் 1 லட்சம் தொண்டரைப் பழக்க 369 கோடி ரூபாய் அளவில் ஒதுக்கினர். தொண்டர் ஒருவர்க்குப் பன்னிரண்டு நாட் பயிற்சி, ஒரு கருவிப்பை, காப்பீடு என்பன அதன் கூறுகள். செஞ்சியில் இனி யாதேனும் ஏற்படுமாயின் இவ்விரண்டையும் ஒட்டி ஏற்படுவதே நலம். தனிச்சங்கம் கண்டு துறையாரோடு போட்டியிடுதல் நலமன்று என்பது நம் கருத்து.

இனிப் பணம். தீயணைப்பு நிலையங்களை விரிவாக்கிப் புதுப்பிப்பதற்கென, பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2023 ஜூலையில் இந்திய அரசினர் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை வகுத்தனர். அதில் 500 கோடி, சட்டத்தையும் அமைப்பையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கமாக ஒதுக்கப்பட்டது. மலை மாநிலங்களும் வடகிழக்கு மாநிலங்களும் 10 விழுக்காடும், தமிழ்நாடு போன்ற ஏனையவை 25 விழுக்காடும் தம் பங்காக இடவேண்டும். இப்பணம் மாநிலத் துறைக்குச் செல்வது. புதிய நிலையம், பயிற்சிக் கூடம், ஊர்தி, கருவி முதலியவற்றிற்கானது. ஒரு கிராமத்துத் தொண்டர் குழு தன் கொட்டகைக்கு ஓடு மாற்ற இதில் கை வைக்க முடியாது. சிறு காரியங்களுக்கு வேறு வழி தேடவேண்டும். தமிழ்நாட்டில் 'நமக்கு நாமே' என ஒரு திட்டம் உண்டு. ஒரு பொதுவேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுப்பின், மீதியை அரசினர் தந்து முடிப்பர். நீர்த்தொட்டி கட்டல், குளத்தைத் தூர்வாரல் போன்றவற்றிற்கு இது பொருந்தும்.

நன்கொடையாளர் மனப்பான்மையைப் பற்றி ஒரு சொல். சிவந்த வண்ணம் பூசி, மணி கட்டி, மாலை சூட்டி நிறுத்தத்தக்க ஊர்தி ஒன்றிற்குப் பணம் கேட்டால் தருவோர் உண்டு. பெயரைப் பொறித்துக்கொள்ளலாம் அன்றோ? ஆண்டுதோறும் பாட்டரி மாற்றவும், டயர் மாற்றவும், நீர்க்குழாயைச் சோதிக்கவும், டீசல் ஊற்றவும் கேட்டாற் தருவோர் அரியர். கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்து வடக்கயிற்றிற்குப் பணம் விடாத தர்மகர்த்தாவைப்போல் ஆகிவிடும். ஆகவே எந்த ஊரிலும் தொண்டர் படைக்கு முதற் கேள்வி 'என்ன வாங்குவது' என்பதன்று. 'வாங்கியதைப் பத்தாண்டு வைத்துக் காப்பாற்ற ஆண்டிற்கு என்ன வேண்டும்' என்பதே. அத்தொகையை முன்னே கணக்கிட்டு, அதற்குரிய முதலை வங்கியில் இட்டுவைத்து, அதன்பின் கருவி வாங்குவது முறை.

வாங்கவேண்டியவற்றை அறிவதற்குத் தண்ணீர்க் கணக்கு தெரியவேண்டும். நம் நாட்டில் வழங்கும் தீயணைப்பு ஊர்திகளுள் ஒரு வகை 4,500 லிட்டர் நீரைச் சுமப்பது; அதன் பம்பு நிமிடத்திற்கு 1,800 லிட்டர் இறைக்க வல்லது. முழு வேகத்தில் இறைத்தால் இரண்டரை நிமிடத்தில் தொட்டி வறளும். நிமிடத்திற்கு 450 லிட்டராக ஒரே குழாயில் விட்டாலும் பத்து நிமிடமே. அப்புறம் வீரர் தண்ணீர் தேடி ஓடவேண்டும். நீர் தீயை அணைப்பது அதன் ஈரத்தால் என்று பலர் நினைப்பர். மெய்யாக, அது ஆவியாகும்போது தீயின் வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வதாலும், ஒரு லிட்டர் நீர் 1,700 லிட்டர் அளவு ஆவியாய் விரிந்து காற்றைத் தள்ளுவதாலுமே அணைகிறது. ஆதலின் கொட்டுவதினும் தூவுவது சிக்கனம். ஆயினும் எத்துணைச் சிக்கனமாயினும் தண்ணீர் அருகில் இருந்தாக வேண்டும்.

செஞ்சிச் சுற்றுப்புறத்தில் ஏரியும் குளமும் கோடையில் வற்றும். வயற்கிணறுகளோ பாறையைப் பிளந்து ஆழமாய்த் தோண்டியவை. இங்கே ஒரு பௌதிக நியதி குறுக்கே நிற்கிறது. மேலே நின்று உறிஞ்சும் எப்பம்பும் காற்றின் அழுத்தத்தை நம்பியே நீரை ஏற்றுகிறது. ஏட்டளவில் பத்து மீட்டரும், நடைமுறையில் ஏழு மீட்டர் அளவுமே அதற்கு எல்லை. பதினைந்து மீட்டர் ஆழத்தில் நீருள்ள கிணற்றின் விளிம்பில் லட்ச ரூபாய்ப் பம்பை வைத்தாலும் ஒரு சொட்டும் ஏறாது. கிணற்றுக்குள்ளே மூழ்கியிருக்கும் குடியானவனின் மோட்டாரே உதவும். அம்மோட்டாரின் வெளிவாயில் தீயணைப்புக் குழாயை மாட்டத்தக்க இணைப்பு ஒன்றைப் பொருத்திவைத்தால், ஊருக்கு நாலைந்து கிணறு தீயணைப்புக் கிணறு ஆகிவிடும். இதற்கு ஆகும் செலவு ஓர் ஊர்தியின் விலையில் மிகச் சிறு பகுதியே. மின்சாரம் நின்றால் என்னாகும் என்று கேட்பாருக்கு, ஊர்ப் பொதுவில் நிரம்பிய தரைத்தொட்டி ஒன்று மாற்று என்று விடை கூறுவோம்.

அவ்விணைப்பு எவ்வளவு சிறிய பொருள்! ஆயினும் 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, அயல் நகரங்களினின்று விரைந்து வந்த எந்திரங்களின் குழாய்கள் அந்நகரத்து நீர்வாய்களிற் பொருந்தவில்லை. வந்தவர் பலர் கைகட்டி நிற்க, 1,500 கட்டடங்கள் வெந்தன. ஆகவே தொண்டர் வாங்கும் குழாயும் வாயும் துறையார் வழங்கும் 63 மில்லிமீட்டர் அளவிலேயே இருத்தல் வேண்டும். மலிவாய்க் கிடைத்தது என்று வேறளவு வாங்கினால், பணம் போனது போகட்டும், ஆபத்து வேளையில் மானமும் போகும்.

வைக்கோற்போர்த் தீ தனிவகையானது. மேலே நீர் ஊற்றினால் புறத்தே கரியும். உள்ளே நெருப்புப் புகைந்துகொண்டே இருக்கும். போரைப் பிரித்துப் பரப்பி, பிடிபிடியாய் நனைத்தாலன்றி அணையாது. விட்டுச் சென்றால் நள்ளிரவில் மீண்டும் மூளும். இதற்கு வேண்டுவன நீண்ட கொக்கிகளும், வைக்கோல் வாரும் கவைக்கோல்களும், பத்திருபது வலிய கைகளுமே. ஆறேழு வீரரைக் கொண்ட ஊர்தி இவ்வேலையில் மணிக்கணக்காய்ச் சிக்கிக்கொள்ளும். பழகிய தொண்டர் இருப்பின், பெருந்தீயை அடக்கியவுடன் வேலையை அவரிடம் ஒப்பித்துத் துறையார் திரும்பலாம். இந்த ஒரு காரணத்திற்காகவே செஞ்சித் தாலூகாவிற்குத் தொண்டர் படை தகும் என்போம்.

கட்டடத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தீயணைப்பு நிலையங்களில் உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்பதைக் கண்டு, தீயைப் பார்க்கும் பரண் என்றே பலர் எண்ணுவர். பயிற்சிக்கு ஏறுவதும் உண்டு. ஆயினும் அதன் முக்கியமான பயன், நனைந்த குழாய்களை நெடுக்கில் தொங்கவிட்டு உலர்த்துவதே. ஈரத்தோடு சுருட்டிய துணிக்குழாய் பூசணம் பிடித்து, அடுத்த தீயில் நடுவே பிளக்கும். தொண்டர் கொட்டகைக்குக் கோபுரம் கட்டப் பணமில்லையேல், உயர்ந்த வேப்பமரமும் ஒரு கப்பியும் போதும். சாலையை நோக்கிய அகன்ற கதவு, எலி புகாத அலமாரி, தண்ணீர்த்தொட்டி, சுவரில் பெரிய எழுத்தில் கிணறுகள் குறித்த ஊர்ப்படம் ஆகியவை இருந்தாற் கொட்டகை நிறைவுறும். மூச்சுக்கருவியைக் கிராமத் தொண்டர்க்கு வாங்கவேண்டாம் என்பது நம் துணிபு. ஆறு லிட்டர் உருளையில் 300 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று 1,800 லிட்டர். உழைக்கும் ஒருவன் நிமிடத்திற்கு 40 லிட்டர் வீதம் மூச்செடுப்பான் எனின் 45 நிமிடமே அது வரும். மீண்டும் நிரப்புவதற்கு வேறிடம் செல்லவேண்டும். இடைவிடாப் பயிற்சியும் வேண்டும். அக்கருவியை நம்பிப் புகைக்குள் நுழைவது துறையார் தொழில்.

தொண்டர் உயிருக்கு யார் பொறுப்பு என்பது கடினமான கேள்வி. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டிக்கீன் என்னும் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர் உயிர் நீத்தனர். அந்நாளையே இந்தியா முழுவதும் தீயணைப்பு வீரர் நினைவுநாளாகக் கொண்டாடுகிறோம். கூலி பெறும் வீரன் இறந்தால் அவன் குடும்பத்திற்கு அரசினர் உதவித்தொகை உண்டு. தொண்டன் இறந்தால்? மாலையும் இரங்கற் கூட்டமும் மட்டுமா? ஆகவே தொண்டர் படையின் வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரி காப்பீட்டுத் தவணையாய் இருக்கவேண்டும். ஊர்தியும் பம்பும் இரண்டாம் வரிக்குப் போகட்டும். ஆப்த மித்ரா திட்டத்தில் பெயர் பதிந்தவர்க்கு அரசினரே காப்பீடு செய்வது, அத்திட்டத்தை ஒட்டிச் செல்லவேண்டும் என்று நாம் முன்னர்க் கூறியதற்கு இன்னொரு காரணம்.

'ஏழை நாட்டில், உழைத்துக் களைத்த குடியானவன் இலவசமாய்த் தீயணைக்கவும் வேண்டுமோ? அரசினர் இன்னும் பத்து நிலையங்கள் திறக்கட்டுமே' என்று வாதிப்பார் உளர். வாதம் நியாயமானதே. நிலையம் திறப்பதை நாம் தடுப்போமல்லோம். திறக்கவேண்டும் என்றே விரும்புகிறோம். எனினும் நிலையம் எத்தனை திறப்பினும் ஊர்தோறும் திறக்க இயலாது. ஊர் எரியும்போது அக்குடியானவன் எப்படியும் ஓடத்தான் போகிறான். குடத்தோடும் வேப்பங்கொத்தோடும், எந்தப் பக்கம் நிற்பது என்று அறியாமல், வெறுங்காலோடு ஓடப்போகிறான். அவனுக்குக் காலணியும் கொக்கியும் பன்னிரண்டு நாட் பயிற்சியும் காப்பீட்டுச் சீட்டும் கொடுத்து ஓடவிடுவதா, கொடாமல் ஓடவிடுவதா என்பதே வழக்கு. தீப்பட்ட குடும்பத்திற்கு மறுநாள் வருவாய்த்துறையார் கொண்டுவரும் அரிசியும் வேட்டி சேலையும் சிறு தொகையும் அரசினர் செலவே. எரியாமற் காத்த வீட்டிற்கு அச்செலவும் இல்லை. ஆனால் எந்தக் கணக்கேட்டிலும் அம்மிச்சம் எழுதப்படுவதில்லை.

செஞ்சிப் பக்கத்தினின்று நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் சிலருண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவர் செய்யத்தக்க சிறு வேலை ஒன்று உண்டு. பணம் வேண்டாம், எவர் அனுமதியும் வேண்டாம். தம் ஊரின் தெருக்களை ஒரு தாளில் வரைந்து, மோட்டார் பொருந்திய கிணறு எவை, கோடையிலும் வற்றாதது எது, ஒவ்வொன்றிலும் நீர் எத்தனை அடி ஆழம், பெரிய ஊர்தி எத்தெரு வரை நுழையும், எந்தத் திருப்பத்தில் நின்றுவிடும், எரிவாயு உருளை சேர்த்து வைக்கும் கடை எது, நடக்கவியலாத முதியோர் எவ்வீட்டில் உளர் என்பவற்றைக் குறித்து, ஒரு படியைச் செஞ்சி நிலையத்திற் கொடுத்து, மற்றொரு படியை ஊர்ச்சாவடியில் ஒட்டிவிடலாம். வீட்டுக்காரர் மாறுவர், கிணறு வற்றும், தெருவில் புதுச்சுவர் எழும். ஆகையால் ஆண்டுதோறும் சித்திரைக்கு முன் படத்தைத் திருத்தவேண்டும்.